சீலாய்மை

கொல்லம் ஆயிரத்து அறுபத்திரண்டு, மாசி.
அனந்தபுரத்தில் வைசூரி என்று
கொச்சுத் தம்புரானை மட்டும்
பத்மநாபபுரத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.
அவருக்கு எட்டு வயது. எனக்கும் எட்டு.
எனக்கு வேலை கிடைத்தது.

தோற்கிற வேலை.

மாதம் ஒரு மரக்கால் நெல், மூன்று சக்கரம்.
பம்பரத்தில் தோற்கவேண்டும்.
சதுரங்கத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டுத் தோற்கவேண்டும்.
ஓட்டத்தில் ஏழாம் தூண் வரை முந்தி வந்து
அங்கே மூச்சு வாங்கவேண்டும்.
சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் இழைத்த தரை,
குனிந்தால் முகம் தெரியும்.
தோற்கும்போது என் முகத்தை நானே பார்த்திருக்கிறேன்.
அத்தனை மோசமில்லை.

தோற்பதைவிடப் பேசுவதுதான் பாடு.
அவர் உண்டால் அமுதேத்து.
உறங்கினால் பள்ளிக்குறுப்பு. குளித்தால் நீராட்டு.
எங்கள் வீட்டுச் சோறு மட்டும்
அவர் காதுக்குப் போகையில் கரிக்காடி ஆகிவிடும்.
முதல்நாள் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டேன்.
காரியக்காரர் பப்புப் பிள்ளை என் காதைத் திருகிய திருகலில்
இலக்கணம் முழுவதும் அன்றைக்கே வந்துவிட்டது.

காலையில் சாயிப்பு வருவார்.
சீமை மகாராணிக்குப் பட்டமேறி ஐம்பதாம் வருஷமாம்.
வாழ்த்துக் கடிதம், இரும்பு நிப்பு,
"நான் இங்கே மிகுந்த மகிழ்ச்சியாக இருக்கிறேன்"
என்று இங்கிலீஷில் ஒரே வரி, பதினாலு தடவை.
மகிழ்ச்சி வருகிற இடத்தில் மட்டும்
மை ஊறிப் பெருத்துவிடும்.
சாயிப்பு ஒன்றும் சொல்லமாட்டார், வேறு தாள் வைப்பார்.
ஜன்னலுக்கு வெளியே நின்று நானும் படித்தேன்.
இன்றைக்கும் அந்த வரியைப் பிழையில்லாமல் எழுதுவேன்.

அந்தியில் அஞ்சல்காரன்.
தக்கலை வளைவிலேயே கோல்மணி கேட்கும்.
காயைத் தூக்கிய கை அப்படியே நிற்கும்.
மணி கோட்டைக்குத் திரும்பாமல்
நாகர்கோவில் பக்கமாய்த் தேய்ந்துபோகும்.
பிறகு குதிரையை எங்காவது வைப்பார்.
அந்த ஆட்டங்களில் தோற்க நான் பட்ட சிரமம்
சொல்லி முடியாது.

பங்குனியில் ஒரு ராத்திரி அவர் அழுதார்.

அதற்குத்தான் சொல் இல்லை.
கட்டிலடியில் படுத்திருந்த சங்கு நாயர்
வாசல்வரை ஓடி, அங்கேயே நின்றுவிட்டார்.
அழுகிறார் என்றால் நாக்குப் போகும்.
சொல்லாவிட்டால் பிழைப்புப் போகும்.
கடைசியில் "சீலாய்மை" என்றார்.
அரண்மனையில் நோய்க்கு அதுதான் பெயர்.
வைத்தியர் வந்தார். நாடி பார்த்தார்.
ஏழு நாள் கஷாயம், உப்பும் புளியும் தள்ளி.
நல்ல கஷாயம்தான் போலிருக்கிறது.
அவர் அப்புறம் அழவேயில்லை.

எட்டாம் நாள் ஓட்டம்.
ஏழாம் தூணில் வழக்கம்போல் மூச்சு வாங்கினேன்.
பின்னால் காலடிச் சத்தம் இல்லை.
ஆறாம் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.
"அணஞ்சபெருமாள், ஓடு."
என் முழுப்பெயரை அதுவரை அங்கே யாரும் சொன்னதில்லை.
நான் ஓடவில்லை.
"கல்பனை" என்றார்.

கல்பனையை மீறக் கூடாது. ஜெயிக்கவும் கூடாது.
இரண்டுக்கும் நடுவில் கால் பின்னி
தூணின் அடிக்கல்லில் விழுந்தேன்.
அவர் ஓடிவந்தார்.
தாண்டிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.
அதே கல்லில் தானும் விழுந்தார்,
வேண்டுமென்றே, முட்டி பெயர.
யாரும் வருவதற்குள் கொஞ்ச நேரம் இருந்தது.
தரையில் நான்கு முகங்கள், இரண்டு தலைகீழாக,
நான்கும் சிரித்தன.

பப்புப் பிள்ளை ஏட்டில் என் பெயரை அடித்தார்.
அந்த மாத நெல்லைத் திரும்ப அளந்து வாங்கினார்,
ஒரு கை குறைந்ததற்கு அப்பா பதில் சொன்னார்.

வெகுகாலம் கழித்து, பத்திர ஆபீசில்
நகல் எழுதிக்கொண்டிருந்தபோது வந்தது தாள்:
தம்புரான் நாடு நீங்கினார்.
பார், அதற்கும் சொல் வைத்திருக்கிறார்கள்.
மூன்று நாள் ஆபீஸ் கிடையாது.

எனக்கு முட்டியில் தழும்பு இருக்கிறது, வலதில்.
அவருக்கு எந்த முட்டி என்று
எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.